சேர்ந்துட்டாங்கய்யா, சேர்ந்துட்டாங்க!

சாயங்காலம் இந்து காலேஜ் ஸ்டேஷனில் சென்ட்ரல் போகும் லோக்கல் ட்ரெயின் ஏறுகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதுசில்லை. கதவோரம் நாலு பசங்க நின்றுகொண்டு, பெட்டித் தகரத்தையே தாளமாக்கித் தட்டிப் பாடிக்கொண்டு வருவார்கள். சினிமாப் பாட்டு ஓடுகிறவரை பெட்டியே தலையாட்டும். நடுவில் ஒருவன் தானே கட்டின கானா ஒன்றை எடுத்து விட்டான் என்று வையுங்கள்... போச்சு! "டேய், தெரிஞ்ச பாட்டா பாடுடா!" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வரும். அவனும் அசடு வழிந்துகொண்டு, ஊருக்கே மனப்பாடமான பாட்டுக்குத் திரும்பிவிடுவான். ஆவடி வருவதற்குள் அவன் பாட்டு செத்துவிடும்.

'தெரிஞ்ச பாட்டா பாடு.' இந்த மூணே மூணு வார்த்தையை வைத்துக்கொண்டு உலகத்தின் பெரிய பெரிய ராக் குழுக்களின் கதையைச் சொல்லிவிடலாம். அதிலும், பிரிந்துபோய்ப் பல வருஷம் கழித்து மறுபடி சேர்கிற குழுக்களின் கதையை.

இந்த 'ரீயூனியன்' சமாச்சாரம் வந்தாலே ரசிகர்கள் இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். முதல் கட்சி: "ஆஹா, சேர்ந்துட்டாங்கய்யா சேர்ந்துட்டாங்க! போன இளமை திரும்பி வந்தாச்சு!" இரண்டாவது கட்சி: "அட போங்கப்பா, எல்லாம் காசுக்காக." இரண்டு கட்சியும் தப்பு. சேர்வதில் புனிதமும் இல்லை, காசு வாங்குவதில் பாவமும் இல்லை. சேர்ந்த பிறகு புதுசாக ஒரு பாட்டாவது போட்டார்களா என்பதுதான் கேட்க வேண்டிய ஒரே கேள்வி. போடவில்லை என்றால் அதில் பாதிக் குற்றம் மேடைக்குக் கீழே நிற்கிறவனுடையது.

இதைப் புரிந்துகொள்ள சங்கீத ஞானம் எல்லாம் வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் போதும்.

நாலு பேர் சேர்ந்து கிட்டார், டிரம்ஸ் வாங்கி, கச்சேரி செய்து, வந்த காசைப் பிரித்துக்கொண்டால் அது கூட்டாண்மை. ஒருவன் புதிதாக வந்தால் கூட்டாளி சேர்ப்பு. கோபித்துக்கொண்டு போனால் கூட்டாளி விலகல். எல்லோரும் அடித்துக்கொண்டால் நிறுவனக் கலைப்பு. கலைக்கும்போது மேசை, நாற்காலி, ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் விற்றுப் பங்கு போட்டுவிடலாம். கடைசியில் ஒன்று மட்டும் மிஞ்சும். குழுவின் பெயர். அதற்குத்தான் பாடப்புத்தகம் 'நற்பெயர்' என்று பெயர் வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சொத்து. 1932-ம் வருஷத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டமே இதற்கென்று ஒரு பிரிவை ஒதுக்கியிருக்கிறது. நிறுவனம் கலைந்த பிறகு நற்பெயரை விற்கலாம். விற்றுவிட்டால் பழைய கூட்டாளி போட்டித் தொழில் நடத்தலாம், ஆனால் பழைய பெயரைப் போட்டுக்கொண்டு நடத்த முடியாது.

நற்பெயரை எப்படி மதிப்பிடுவது? எளிய வழி ஒன்று உண்டு. கடந்த சில வருஷத்து சராசரி இலாபத்தைக் கொள்முதல் ஆண்டுகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். மாங்கு மாங்கென்று இந்தக் கணக்கைப் போடுகிற மாணவர்கள் ஒரு விஷயத்தை யோசிப்பதில்லை. பெருக்குவது பழைய இலாபத்தை. ஆனால் அதற்குக் காசு கொடுக்கிறவன் எதிர்பார்ப்பது வரப்போகிற இலாபத்தை. கடை தொடர்ந்து நடந்தால்தான் நற்பெயருக்கு மதிப்பு. ஷட்டரை இழுத்து மூடிவிட்டு போர்டை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தால் அந்த எண் வருஷா வருஷம் தேய்ந்து பூஜ்யமாகிவிடும்.

இப்போது ரீயூனியன்களைப் பார்ப்போம்.

முதலில் 'த போலீஸ்'. 1977-ல் லண்டனில் ஆரம்பித்த மூன்று பேர் குழு. ஸ்டிங், ஸ்டூவர்ட் கோப்லண்ட், ஆண்டி சம்மர்ஸ். பங்க் ராக்கின் கூச்சலுக்குப் பின்னால் வந்த 'நியூ வேவ்' அலையில் எல்லோரையும் தாண்டிப் பெரிதாக வளர்ந்தவர்கள். 1980-ல் நம்ம பம்பாய்க்கே வந்து வாசித்துவிட்டுப் போனவர்கள். 1978 முதல் 1983 வரை ஐந்து ஆல்பம். புகழின் உச்சியில் இருக்கும்போதே பிரிந்துவிட்டார்கள். 1986-ல் மறுபடி ஸ்டூடியோவுக்குப் போனார்கள். கோப்லண்ட் குதிரையிலிருந்து விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். பழைய பாட்டு ஒன்றின் புதுப் பதிவு வெளிவந்ததோடு அந்த முயற்சி முடிந்தது.

பிறகு 2007. மே 28-ம் தேதி கனடாவின் வான்கூவரில் மறுபடி மேடை ஏறினார்கள். அந்த ஆரம்பக் கச்சேரிகளில் எங்கெங்கே தப்பு செய்தோம், எவ்வளவு மட்டமாக வாசித்தோம் என்று கோப்லண்டே தன் இணையப் பக்கத்தில் எழுதிவிட்டார் (அந்த நேர்மைக்கு ஒரு சல்யூட்). 2008 ஆகஸ்ட் 7-ம் தேதி நியூயார்க்கில் கடைசிக் கச்சேரி. ஒன்றேகால் வருஷத்தில் 150 கச்சேரிக்கு மேல். வசூல் 30 கோடி டாலருக்கு மேல். புதுப் பாட்டு எத்தனை?

பூஜ்யம்.

முப்பது கோடி டாலர் சம்பாதித்ததைக் குறை சொல்ல இங்கே யாரும் இல்லை. வணிகம் படிக்கிறவன் இலாபத்தைத் திட்டினால் வாத்தியார் அடிப்பார். ஆனால் நடந்தது என்ன என்பதைச் சரியான பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் இல்லையா? நடந்தது நற்பெயர் விற்பனை. இருபது வருஷம் பெட்டியில் இருந்த சொத்தை எடுத்து நல்ல விலைக்கு விற்றார்கள். கணக்கை முடித்தார்கள். கூட்டத்திலும் யாரும் புதுசு கேட்கவில்லை. தெரிஞ்ச பாட்டா பாடு என்றார்கள், பாடிவிட்டுப் போனார்கள்.

"வயசானவங்க வேற என்னய்யா பண்ணுவாங்க?" என்று கேட்பவர்களுக்கு பதில் 'பிளாண்டி'. அதுவும் நியூ வேவ் குழுதான். 1974-ல் நியூயார்க்கில் தொடங்கி 1982-ல் கலைந்தது. கிட்டார் வாசிக்கிற கிறிஸ் ஸ்டைன் கடுமையான நோயில் விழ, பாடகி டெபி ஹாரி கூட இருந்து பார்த்துக்கொண்டார். 1997-ல் மறுபடி சேர்ந்தார்கள். 1999-ல் 'மரியா' என்று ஒரு புதுப் பாட்டு. பிரிட்டனில் முதல் இடம்! அந்த நாட்டில் அவர்கள் முதன்முதலாக முதல் இடம் பிடித்தது 1979-ல். சரியாக இருபது வருஷம் கழித்து, ஐம்பத்து மூன்று வயதில், ஒரு புதுப் பாட்டோடு அந்தப் பெண்மணி அங்கே மறுபடி போய் நின்றார். வயசாம் வயசு!

ஆனால் பிளாண்டியிலும் எல்லாம் சர்க்கரைப் பொங்கல் இல்லை. மறுபடி சேரும்போது பழைய கூட்டாளிகள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் வழக்கு போட்டார்கள். 2006-ல் 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' மேடையிலேயே, "நாங்களும் வாசிக்கலாமா?" என்று கேட்டு, மறுக்கப்பட்டு, உலகமே பார்க்க அவமானப்பட்டார்கள். பெயரை உண்டாக்கினவர்களில் இரண்டு பேரை வெளியே நிறுத்திவிட்டு அதே பெயரில் நடத்துவது சரியா என்ற கேள்விக்கு 'மரியா' பதில் சொல்லாது. புதுப் பாட்டு போட்டதற்காகப் பழைய பாக்கி தள்ளுபடி ஆகிவிடாது.

சரி, வெள்ளைக்காரன் கதை போதும். இந்தியாவுக்கு வருவோம்.

1984-ல் பம்பாயில் 'ராக் மெஷின்' என்று ஒரு குழு ஆரம்பமானது. அந்தக் காலத்தில் இந்திய ராக் குழு என்றால் என்ன அர்த்தம்? வெளிநாட்டுக் குழுக்களின் பாட்டை ஸ்வரம் தவறாமல் அப்படியே வாசிப்பது. எவ்வளவு அச்சு அசலோ அவ்வளவு கைதட்டல். நம்ம ஊர் மெல்லிசைக் குழுவை, "ரெக்கார்டு மாதிரியே இருக்கு" என்று பாராட்டுகிறோமே, அதே வியாதிதான் இங்கிலீஷில். ராக் மெஷின் சொந்தப் பாட்டுகளை எழுதியது. 1988-ல் முதல் ஆல்பம். 1990-ல் இரண்டாவது. 'டாப் ஆஃப் த ராக்', 'ப்ரிட்டி சைல்ட்' எல்லாம் காலேஜ் காலேஜாகப் பரவின. 'ப்ரிட்டி சைல்ட்' காணொளிக்கு எம்டிவி விருதும் வந்தது.

அப்புறம் அவர்கள் செய்ததுதான் விசேஷம். 1993-ல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு 'இண்டஸ் க்ரீட்' என்று மாற்றிக்கொண்டார்கள். எந்த ஆடிட்டராவது சம்மதிப்பாரா? ஒன்பது வருஷம் சேர்த்த நற்பெயரை ஒரே நாளில் ஏட்டிலிருந்து நீக்கிவிட்டுப் புதுப் பேரேடு திறப்பது மாதிரி. 1995-ல் புதுப் பெயரிலேயே ஒரு ஆல்பம் வந்தது.

அதே 1995-ல்தான் அலிஷா சினாயின் 'மேட் இன் இந்தியா'வும் வந்தது. தலேர் மெஹந்தியும் அந்த வருஷம்தான் புயலாகக் கிளம்பினார். இந்திப் பாப் அலை அடிக்க ஆரம்பித்தது. டிவி சேனல்களும் கேசட் கம்பெனிகளும் அந்தப் பக்கமும் சினிமாப் பக்கமும் சாய்ந்தன. இங்கிலீஷில் சொந்தப் பாட்டு பாடும் ராக் குழுவுக்கு இடம் சுருங்கிக்கொண்டே போனது. 1997-ல் இண்டஸ் க்ரீட் கலைந்தது. பாடகர் உதய் பெனகலும் கிட்டார் வாசித்த ஜயேஷ் காந்தியும் நியூயார்க் போய் 'ஆம்ஸ் ஃபார் சாந்தி' என்ற வேறு பெயரில் வேறு மாதிரிப் பாட்டு போட்டார்கள். கவனியுங்கள். கலைந்த பிறகும் பழைய போர்டை வைத்துப் பிழைக்கவில்லை.

பதிமூன்று வருஷம் கழித்து, 2010-ல், மறுபடி இண்டஸ் க்ரீட். பழைய ஆட்கள் மூன்று பேர். உதய் பெனகல், மகேஷ் தினைக்கர், ஜூபின் பலபோரியா. கூடவே இரண்டு புதுக் கூட்டாளிகள், பேஸ் கிட்டாருக்கு ருஷாத் மிஸ்திரி, டிரம்ஸுக்கு ஜெய் ரோ கவி. ஊர் ஊராகப் போய் 'டாப் ஆஃப் த ராக்' மட்டும் வாசித்திருந்தால்கூட நாலு காசு பார்த்திருக்கலாம். இப்போது நாற்பதைத் தாண்டி நல்ல வேலையில் இருக்கும் அந்தக் காலத்துக் காலேஜ் பசங்க அத்தனை பேரும் டிக்கெட் வாங்கியிருப்பார்கள். அவர்கள் செய்தது வேறு. உட்கார்ந்து எழுதினார்கள். 2012-ல் 'இவால்வ்' என்று எட்டுப் பாட்டுகளோடு ஆல்பம் வந்தது. பேர்ல் ஜாமின் 'டென்' ஆல்பத்தை மிக்ஸ் செய்த டிம் பால்மரிடம் கொடுத்து மிக்ஸ் செய்தார்கள். பழைய ராக் மெஷின் மாதிரி அது இல்லை. நீளமான, சிடுக்கான, நிதானமான பாட்டுகள். இருபது வயசில் எழுதினதையே நாற்பது வயசில் எழுதக் கூடாது என்று தெரிந்தவர்கள் போட்ட ஆல்பம்.

இதைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? "ராக் மெஷினா? ஓ, டாப் ஆஃப் த ராக்!" என்று உற்சாகமாகிறவர்களிடம் 'இவால்வ்' பற்றிக் கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் முழிப்பார்கள். குழு தன் கடமையைச் செய்துவிட்டது. கேட்கிறவன்தான் 1990-லேயே உட்கார்ந்துவிட்டான்.

"அது பம்பாய், இங்கிலீஷ், ராக். நம்ம தமிழ் ரசிகன் அப்படி இல்லை" என்று மீசையை முறுக்குகிறவர்களுக்கு ஒரு தமிழ்க் கணக்கு.

விஸ்வநாதன்–ராமமூர்த்தி. 1952-ல் 'பணம்' படத்தில் ஆரம்பித்த கூட்டு. கர்நாடகக் கீர்த்தனையின் சாயலில் இருந்த திரைப்பாட்டை மெல்லிசை ஆக்கி, பியானோவையும் கிட்டாரையும் சாக்ஸஃபோனையும் தமிழ் பேச வைத்தவர்கள். அந்தக் காலத்துக்கு அதுதான் 'நியூ வேவ்', யார் மறுக்க முடியும்? 1963-ல் 'மெல்லிசை மன்னர்கள்' என்று பட்டம். 1965-ல் 'ஆயிரத்தில் ஒருவன்' வரை வந்து பிரிந்தார்கள். அடுத்த வருஷமே எம்.எஸ்.வி. தனியாக 'அன்பே வா', டி.கே.ஆர். தனியாக 'சாது மிரண்டால்'. பிறகு ஒருவர் ஏறிக்கொண்டே போனார், இன்னொருவருக்குப் படங்கள் குறைந்துகொண்டே வந்தன.

முப்பது வருஷம் கழித்து, 1995-ல், சத்யராஜ் நடித்த 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக இருவரும் மறுபடி ஒன்றாக இசையமைத்தார்கள். தமிழ் இசையில் இதைவிடப் பெரிய ரீயூனியன் உண்டா? அதில் ஒரு பாட்டைப் பாடுங்கள் பார்ப்போம்!

முடியாது. தெருவில் பத்துப் பேரை நிறுத்திக் கேட்டாலும் முடியாது. அந்தப் பாட்டுகள் அறுபதுகளின் பாட்டுகளுக்குச் சமம் என்று இங்கே யாரும் வாதாட வரவில்லை. சமமா இல்லையா என்று சொல்லக்கூட அதை யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. இரண்டு பெரியவர்கள் முப்பது வருஷ மனஸ்தாபத்தைத் தாண்டி ஒரே ஆர்மோனியப் பெட்டியின் முன்னால் வந்து உட்கார்ந்து புதுசாக ஒன்று செய்துகொடுத்தார்கள். ஊர் அதை வாங்கி மூலையில் வைத்துவிட்டு, "ஐயா, அந்தப் பழைய பாட்டு..." என்றது. 2012-ல் தமிழக அரசு இருவருக்கும் 'திரையிசைச் சக்கரவர்த்தி' பட்டம் கொடுத்து, ஆளுக்கு அறுபது பொற்காசும் காரும் கொடுத்துக் கௌரவித்தது. ரொம்ப சந்தோஷம். 2013-ல் ஒருவர் போனார், 2015-ல் இன்னொருவர் போனார். பட்டம், பொற்காசு, கார் எல்லாம் கொடுத்தோம். அவர்கள் கடைசியாகச் சேர்ந்து போட்ட பாட்டைக் கேட்க ஒரு அரை மணி நேரம் மட்டும் கொடுக்கவில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை வரும். "ஏம்ப்பா, காசு கொடுத்து டிக்கெட் வாங்கினவன் தனக்குப் பிடித்த பாட்டைக் கேட்கக் கூடாதா? அவனுக்கு ஆயிரம் கவலை. ஒரு ராத்திரி பழைய பாட்டு கேட்டு அழுதுவிட்டுப் போகட்டுமே. அதில் உனக்கென்ன நஷ்டம்?"

கேட்கலாம், அழலாம். பழைய பாட்டு பாடவே கூடாது என்று சொன்னால் அது பைத்தியக்காரத்தனம். இரண்டு மணி நேரக் கச்சேரியில் ஒன்றரை மணி நேரம் பழசு இருக்கட்டும். மிச்சம் அரை மணி நேரம் அவர்கள் இப்போது என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கிற பொறுமை வேண்டும். அந்தப் பொறுமைகூட இல்லாதவனுக்கு எதற்குக் கச்சேரி? வீட்டில் கேசட் இருக்கிறது, சிடி இருக்கிறது, இப்போது போனிலேயே எல்லாம் இருக்கிறது. மனுஷனை மேடை ஏற்றிவிட்டு அவனை டேப் ரெக்கார்டராக இருக்கச் சொல்வது ரசனையில் சேருமா?

நஷ்டம் யாருக்கு என்ற கேள்விக்கும் பதில் உண்டு. ஸ்டிங்குக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டம் அந்த ரயில் பெட்டிப் பையனுக்கு. பெரிய பெயர் உள்ளவனின் புதுப் பாட்டையே கேட்காத காது, பெயரே இல்லாதவனின் முதல் பாட்டை எப்படிக் கேட்கும்? காலேஜ் கல்சுரல்ஸ் நடக்கும்போது பாருங்கள். மெல்லிசைப் போட்டி என்றால் சினிமாப் பாட்டு. வெஸ்டர்ன் போட்டி என்றால் வெளிநாட்டுக் குழுவின் பாட்டு. சொந்தப் பாட்டு என்று ஒரு பையன் மைக்கைப் பிடித்தால் பின் வரிசையிலிருந்து ஊளைச் சத்தம். 'ரோஜா' வருவதற்கு முன்னால் ஏ.ஆர். ரஹ்மானே சென்னையில் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவில்தான் இருந்தார். சினிமாவுக்குப் போன பிறகுதான் ஊர் அவரைக் கேட்டது. சினிமா வாசலில் நுழைய முடிந்தவன் தப்பித்தான். நுழைய முடியாதவர்கள் எத்தனை பேர் ஆவடியிலும் அம்பத்தூரிலும் கிட்டாரை பரணில் போட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனார்கள் என்று எந்தப் பேரேட்டிலும் பதிவாகவில்லை.

கடையைத் திறந்தவுடனே யாருக்கும் நற்பெயர் இருப்பதில்லை. பழைய இலாபமே இல்லாதவனுக்குச் சூத்திரப்படி வரும் விடை பூஜ்யம். அவனிடம் போய் "தெரிஞ்ச பாட்டா பாடு" என்றால் அவன் எந்தக் காலத்தில் தெரிந்தவன் ஆவது? ராக் மெஷினையும் 1984-ல் யாருக்கும் தெரியாது. யாரோ சில நூறு பேர், தெரியாத பாட்டை வாய் மூடிக் கேட்டார்கள். அந்தச் சில நூறு பேர் இல்லாவிட்டால் பின்னால் பிரிவதற்கும் ஒரு குழு இல்லை, சேர்வதற்கும் ஒரு குழு இல்லை.

ஆகவே, அடுத்த தடவை எந்தக் குழு சேர்ந்தாலும் சரி, "சேர்ந்துட்டாங்கய்யா" என்று குதிப்பதற்கு முன்னால், "புதுசா என்ன போட்டிருக்கீங்க?" என்று கேளுங்கள். ஒன்றும் இல்லை என்றால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள், தப்பில்லை. ஆனால் ஏதாவது இருக்கிறது என்றால் உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் கேட்ட பிறகு திட்டுங்கள்.

அப்படியே லோக்கல் ட்ரெயினில் அந்தப் பையன் தன் சொந்தக் கானாவை ஆரம்பித்தால், இந்து காலேஜிலிருந்து ஆவடி ஒரே ஒரு ஸ்டேஷன்தான். அதுவரைக்குமாவது வாயைத் திறக்காமல் வாருங்கள்.

கொசுறு: 'எங்கிருந்தோ வந்தான்' பாட்டுகளை இதைப் படித்துவிட்டு யாராவது தேடிக் கேட்டால், முப்பது வருஷம் தாமதம்தான். பரவாயில்லை, வட்டி கேட்கமாட்டார்கள்.